பூ ஏந்தி வரும் கனவான்: சின்யாக் வரைந்த ஃபெனெயோன்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஓர் உருவப்படம் இருக்கிறது. வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் பால் சின்யாக், ஆண்டு 1890. ஓர் ஆளை மட்டும் வரைவதென்றால் கான்வாஸை நெட்டுவாக்கில் நிறுத்துவதுதான் வழக்கம். இது படுக்கைவாக்கில் இருக்கிறது: அகலம் 92.5 சென்டிமீட்டர், உயரம் 73.5. வலப்பக்கம் தள்ளி ஒருவர் நிற்கிறார். முகம் இடப்பக்கம் திரும்பியிருப்பதால் நமக்குத் தெரிவது ஒரு பாதிதான். மஞ்சள் கலந்த பழுப்பில் மேல்கோட்டு. மோவாயிலிருந்து கூராக இறங்கும் ஆட்டுத்தாடி. ஒரு கையில் உயரமான பட்டுத் தொப்பி, கையுறை, கைத்தடி மூன்றும். மறு கையை முன்னால் நீட்டியிருக்கிறார். விரல் நுனியில் ஒரு பூ.

இதுவரை சரி. அந்தக் காலத்துப் பாரிஸில் நாகரிகமான எந்தக் கனவானும் ஒரு வீட்டு வரவேற்பறைக்குள் நுழைகிற தோரணைதான் இது. ஆனால் அவர் பின்னால் வரவேற்பறை இல்லை. படத்தின் நடுவிலிருந்து காற்றாடி மாதிரி பட்டைகள் சுழன்று விரிகின்றன. ஒரு பட்டையில் நட்சத்திரங்கள், இன்னொன்றில் வட்டங்கள், வேறொன்றில் அலைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். உருவப்படம் வரையும்போது பின்னணியை அடக்கி வைத்து முகத்தைத் தூக்கிக் காட்டு என்றுதான் எந்த ஓவிய ஆசிரியரும் சொல்வார். இங்கே பின்னணி கூச்சல் போடுகிறது, முகம் ஒன்றுமே சொல்லாமல் நிற்கிறது.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஃபெலிக்ஸ் ஃபெனெயோன். 1861-இல் இத்தாலியின் டூரினில் பிறந்த பிரெஞ்சுக்காரர். இருபது வயதில் தேர்வு எழுதி, பாரிஸில் போர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வேலையில் குறை சொல்ல முடியாதவர். உடையிலும் அப்படித்தான். பேச்சு குறைவு, பேசினால் ஒரு வாக்கியம், அதுவும் குத்துகிற வாக்கியம். ஒல்லியான, உயரமான உருவத்தையும் தாடியையும் பார்த்துக் கவிஞர் அப்போலினேர் பின்னாளில் அவரைப் ‘போலி யாங்கி’, அதாவது போலி அமெரிக்கர், என்று கிண்டல் செய்தார். சின்யாக்கின் படத்தில் உள்ள நட்சத்திரங்களிலும் கோடுகளிலும் அமெரிக்கக் கொடியின் சாயலைக் காண்கிறவர்களும் உண்டு.

பகலில் அமைச்சகம். மற்ற நேரத்தில் சிறு பத்திரிகைகளுக்குக் கலை விமர்சனம். இன்னொரு பக்கம், அரசு என்பதே வேண்டாம் என்ற அராஜகவாதிகளின் ஏடுகளுக்குப் பெயர் போடாமல் எழுதுவது. இந்த மூன்றும் ஒரே கோட்டுக்குள் இருந்தன. சின்யாக்கின் படத்தை வெறும் அலங்கார விளையாட்டு என்று ஒதுக்கிவிடாமல் இருக்க இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1886-இல், கண்ணில் படும் ஒளியை அப்படியே பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் எட்டாவது, கடைசிக் கண்காட்சி பாரிஸில் நடந்தது. அதில் ஜார்ஜ் சூராவின் ‘கிராந்த் ஜாத்’ தீவின் ஞாயிற்றுக்கிழமைப் படம் தொங்கியது. சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன அந்தப் பெரிய படத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஃபெனெயோன் சிரிக்கவில்லை. அருகே போய்ப் பார்த்தார். நிழலில் கிடக்கிற புல்லில் ஒரு கையகல இடத்தை எடுத்துக்கொண்டு, அதில் என்னென்ன நிறப் புள்ளிகள் எந்தக் காரணத்துக்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு கணக்கர் மாதிரி எழுதினார். புல்லின் சொந்தப் பச்சை, வெயிலின் ஆரஞ்சு, அந்த நிறங்களுக்கு எதிர்வினையாக எழுகிற நிறம் என்று ஒவ்வொன்றாக. அதே ஆண்டு, சூராவும் சின்யாக்கும் இருந்த அந்தப் புள்ளி ஓவியர் குழுவுக்கு ‘நியோ இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இம்ப்ரெஷனிசத்துக்குப் பின் வந்தது என்ற பொருளில் ‘போஸ்ட் இம்ப்ரெஷனிசம்’ என்ற பெரிய குடைப் பெயரை லண்டனில் விமர்சகர் ரோஜர் ஃப்ரை பிரபலமாக்கியது 1910-இல். அதற்குள் சூரா இறந்து 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. தாங்கள் எதற்கோ ‘பின்’ வந்தவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

புள்ளிகளின் கணக்கு இதுதான். இரண்டு சாயங்களைத் தட்டில் குழைத்தால் நிறம் மங்கும். குழைக்காமல், தூய நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக வைத்தால், சேர்க்கிற வேலையைப் பார்ப்பவர் கண் செய்யும், ஒளி குறையாது. நீலப் பாவும் பச்சை ஊடையும் சேர்ந்து மயில்கழுத்துப் பட்டு உண்டாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்ட ஷெவ்ரல் என்ற வேதியியலாளரும் நெசவு உலகத்து ஆள்தான். பாரிஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கருப்புச் சாயம் சரியில்லை, மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை; பக்கத்து நூலின் நிறம்தான் கருப்பைக் கெடுத்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறம் தீர்மானிக்கிறது என்று 1839-இல் புத்தகமே போட்டுவிட்டார்.

கொள்கை அப்படி. கான்வாஸில் அது அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. சின்யாக்கின் புள்ளிகள் ஒன்றோடொன்று முழுதாகக் கரைந்துவிடுவதில்லை. நாலடி தள்ளி நின்றாலும் அவை புள்ளிகளாகவே துடித்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பாணியின் கவர்ச்சியே கொள்கை வெற்றி பெறாத அந்த இடத்தில்தான் இருக்கிறது. முழுதாகக் கலந்திருந்தால் அது சாதாரணமான, கொஞ்சம் பளிச்சென்ற படமாக முடிந்திருக்கும்.

சரி, சுழல் எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, ஜப்பானிய அச்சு. கிமோனோத் துணி வடிவங்களைக் காட்டும் ஒரு மரக்கட்டை அச்சு சின்யாக்கிடம் இருந்தது. அந்த வடிவத்தைத்தான் அவர் பெரிதாக்கி, நிறம் மாற்றி எடுத்துக்கொண்டார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இன்னொன்று, ஷார்ல் ஆன்ரி. சோர்போனில் நூலகப் பணியில் இருந்தவர். கணிதம், உடலியல், அழகியல் எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பியவர். எந்தத் திசையில் போகும் கோடு மனதைக் கிளறும், எது அடக்கும், எந்தக் கோணம் இன்பம் தரும், எந்த நிறம் சோர்வு தரும் என்பதையெல்லாம் அளந்து சொல்ல முடியும் என்பது அவர் வாதம். அவருடைய நிறச் சக்கரத்துக்கு 1889-இல் ஒரு நாடகக் குழுவின் நிகழ்ச்சி அட்டையில் விளம்பரம் போலவே படம் போட்டுக் கொடுத்தார் சின்யாக். ஆன்ரியின் நூல்களுக்கு வரைபடங்களும் தயாரித்தார். அந்த ஆர்வம் சூடாக இருந்த நாட்களில் வரையப்பட்டது இந்த உருவப்படம்.

அதன் தலைப்பைப் பாருங்கள். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: ‘ஓபஸ் 217. அளவுகளாலும் கோணங்களாலும், தொனிகளாலும் சாயல்களாலும் லயம் கொண்ட ஒரு பின்னணியின் எனாமல் மீது, 1890-இல் திரு. ஃபெலிக்ஸ் ஃபெனெயோனின் உருவப்படம்.’ இசைக்கோவைக்கு எண் கொடுப்பது மாதிரி அந்த ஆண்டுகளில் சின்யாக் தன் படங்களுக்கு எண் கொடுத்து வந்தார். ஆனால் இந்தத் தலைப்பின் மீதிப் பகுதி வேடிக்கையா, வினையா? ஆய்வுக்கூட அறிக்கை மாதிரி ஆரம்பித்து, கடைசியில்தான் ஆளின் பெயருக்கு வருகிறது. ஆன்ரி மேல் உண்மையான மரியாதை, அதைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கிற குறும்பு, இரண்டும் இருப்பதாகவே நான் படிக்கிறேன். ஃபெனெயோன் எழுதுகிற வாக்கியமும் இப்படித்தான் இருக்கும்: கேட்டிராத கலைச்சொற்கள், இறுக்கமான கட்டு, அடியில் ஒரு நமட்டுச் சிரிப்பு. நண்பனை அவன் நடையிலேயே வரைந்திருக்கிறார்.

படம் உருவான கதையிலும் கொஞ்சம் வம்பு உண்டு. 1890-இல் ஃபெனெயோன் சின்யாக்கைப் பற்றி ஒரு சிறு வெளியீட்டில் கட்டுரை எழுதினார். அதன் அட்டையில் சூரா வரைந்த சின்யாக்கின் படம். கட்டுரையைப் படித்த சூராவுக்குக் கோபம் வந்துவிட்டது. புள்ளி முறையைக் கண்டுபிடித்தவன் நான், என் பெயர் எங்கே என்று நீளமாகக் கடிதம் எழுதினார். சின்யாக்கோ மகிழ்ந்து, பதில் மரியாதையாக ஃபெனெயோனை வரைவதென்று முடிவு செய்தார். சாதாரண உருவப்படமாக இருக்காது, கோடுகளும் நிறங்களும் அடுக்கிக் கட்டிய ஒன்றாக இருக்கும், தொப்பியோ பூவோ கையில் ஏந்தி நுழைகிற ஃபெலிக்ஸ் என்று கடிதத்தில் திட்டத்தைச் சொன்னார். ஃபெனெயோன் ஒரே ஒரு கருத்துத்தான் சொன்னார்: முகம் நேராகப் பார்க்கும்படி இருக்கட்டும். சின்யாக் அதை மட்டும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது. நேர்முகம் என்றால் கண்கள் பேசும், பார்ப்பவர் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாட்டில் அது ஒரு கோடு. நெற்றி, மூக்கு, தாடி, நீட்டிய கை எல்லாம் கோணங்களாக மாறிச் சுழலோடு சேர்ந்துகொள்கின்றன. ஆள் அலங்காரத்தில் ஓர் உறுப்பாகிவிடுகிறார். அந்தப் பூவைக்கூட கவனியுங்கள். அது சைக்ளமென். பெயரின் வேர் கிரேக்கத்தில் ‘வட்டம்’. நிறச் சக்கரத்தின் ஆள் ஒருவரை நினைத்துக்கொண்டே வரைந்த படத்தில் ‘வட்டப் பூ’. இது தற்செயல் என்று நம்புவது கடினம்.

இதோடு ஒப்பிட இன்னொரு கனவானைச் சொல்ல வேண்டும். 1891-இல் ஓவியர் துலூஸ் லோத்ரெக் தன் உறவினர் லூயி பாஸ்கலை வரைந்தார். இன்று அந்தப் படம் தெற்கு பிரான்சில் அல்பி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் உயரத் தொப்பி, கைத்தடி, நேர்த்தியான கோட்டு. ஆனால் லோத்ரெக் அட்டையின் மேல், மெல்லிய எண்ணெய்க் கோடுகளால் விறுவிறுவென்று வரைந்திருக்கிறார். அட்டையின் பழுப்பு ஆங்காங்கே அப்படியே தெரிகிறது. ஓவியக் கூடத்துக்கு வந்து, ‘போகலாமா?’ என்று கேட்டபடி நிற்கிற ஆள் அவர். ராத்திரி எங்கே போகப் போகிறார் என்றுகூட ஊகிக்கலாம். லோத்ரெக்கின் கனவானுக்கு ஓர் ஊர் இருக்கிறது, ஒரு மாலைப்பொழுது இருக்கிறது. ஃபெனெயோனுக்கு இரண்டும் இல்லை. இவர் எங்கே நுழைகிறார், பூ யாருக்கு என்று தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது.

1891 மார்ச்சில் சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியில் படம் வைக்கப்பட்டது. சூராவின் முடிவுறாத ‘சர்க்கஸ்’ படமும் அங்கேதான் தொங்கியது. கண்காட்சி நடக்கும்போதே மார்ச் 29 அன்று சூரா 31 வயதில் இறந்துபோனார். ஃபெனெயோன் படத்துக்குப் பெரிய வரவேற்பு இல்லை. அதே முகாமில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த மூத்த ஓவியர் பிஸ்ஸாரோ, விசித்திரமான படம் என்று மகனுக்கு எழுதினார். அந்த நிறப் பட்டைகளால் என்ன பயன் என்று அவருக்குப் புரியவில்லை. அவருடைய கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. வெளிச்சத்தையும் காற்றையும் பிடிக்கப் பிறந்த முறை, இங்கே வெளிச்சமே இல்லாத இடத்தில் வடிவம் பண்ணிக்கொண்டிருந்தது. இப்போது பார்க்கும்போது, பொருளை விட்டு விலகிச் சுத்தமான நிறத்துக்கும் வடிவத்துக்கும் போன இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் வாசற்படி மாதிரி தெரிகிறது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

அப்புறம் 1894 வந்தது.

பாரிஸில் வெடிகுண்டுகளின் காலம் அது. ஏப்ரல் 4 மாலை, செனட் கட்டடத்துக்கு எதிரே இருந்த ஃபுவாயோ உணவகத்தின் ஜன்னலில் ஒரு குண்டு வெடித்தது. குண்டு இருந்தது ஒரு பூந்தொட்டியில். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கவிஞர் லோரான் தாயாத் ஒரு கண்ணை இழந்தார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: சில மாதங்களுக்கு முன் நாடாளுமன்றத்தில் குண்டு வீசப்பட்டபோது, செயல் அழகாக இருந்தால் பலியானவர்களைப் பற்றி என்ன கவலை என்ற பொருளில் பேசியவர் இவர்தான். அந்த மாதமே ஃபெனெயோன் கைதானார். போர் அமைச்சகத்தில் அவருடைய அறையைச் சோதித்தபோது, வெடிகுண்டை இயக்கப் பயன்படும் டெட்டனேட்டர்களும் ஒரு குப்பி பாதரசமும் கிடைத்தன.

ஆகஸ்டில் ‘முப்பது பேர் வழக்கு’. சட்டப் புத்தகத்தைவிட நகைச்சுவைப் பத்திரிகைக்குப் பொருத்தமான வழக்காக அதை மாற்றியதில் ஃபெனெயோனுக்குப் பெரிய பங்கு. டெட்டனேட்டர்களை அப்பா தெருவில் கண்டெடுத்தார் என்பது குடும்பத்தின் பதில். தெருவில் போய் யாராவது டெட்டனேட்டர் கண்டெடுப்பார்களா என்று நீதிபதி கேட்டார். ‘ஏன் அதை ஜன்னல் வழியாக வெளியே எறியவில்லை என்று விசாரணை நீதிபதி என்னைக் கேட்டாரே, அப்படியானால் தெருவிலும் கிடைக்கத்தானே செய்யும்’ என்றார் இவர். ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று அராஜகவாதி ஒருவரோடு பேசினீர்கள் என்று குற்றச்சாட்டு. ‘விளக்குக் கம்பத்துக்குப் பின்பக்கம் எது, சொல்ல முடியுமா?’ கவிஞர் மல்லார்மே வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். ஃபெனெயோனிடம் இருக்கிற டெட்டனேட்டர் அவர் எழுதுகிற கட்டுரைகள்தான் என்று முன்பே பத்திரிகையில் சொல்லியிருந்தவர் அவர். ஃபெனெயோன் விடுதலையானார். அமைச்சக வேலை போனதுதான் மிச்சம். ஃபுவாயோ ஜன்னலில் குண்டை வைத்தது யார் என்று நீதிமன்றம் கண்டுபிடிக்கவில்லை. வைத்தது அவரேதான் என்பது, அவர் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து எழுதியவரின் முடிவு.

இதைப் படித்துவிட்டு 1890-இன் படத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு சங்கடம் ஏற்படும். நீட்டிய கையில் இருக்கிற பூ வேறு மாதிரி தெரியத் தொடங்கும். ஆனால் படம் வரைந்தது நான்கு ஆண்டு முன்னால். சின்யாக் ஜோசியக்காரர் இல்லை. அராஜகவாதத்தில் அவருக்கும் அனுதாபம் உண்டு என்பது மட்டும் உண்மை. 1893 முதல் 1895 வரை அவர் வரைந்து, இன்று மோந்த்ரய் நகர மன்றத்தில் இருக்கிற ‘இசைவின் காலத்தில்’ என்ற பெரிய ஓவியத்துக்கு முதலில் ‘அராஜகத்தின் காலத்தில்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார். எனவே நண்பனின் கோட்டுக்குள் இருக்கிற இன்னொரு ஆளை அவர் அறிந்திருந்தார். அந்த ஆளை முகத்தில் தேடிப் பயனில்லை என்பதையும். அமைச்சகத்து மேலதிகாரிகள் பதின்மூன்று ஆண்டுகள் தினமும் அதே முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன தெரிந்தது? அந்த நேர்த்தியான உடுப்பு வெறும் ஷோக்கு இல்லை. கேள்வி கேட்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவைக்கிற வேலையைச் செய்தது. சின்யாக் அந்தக் கதவைத் தட்டவில்லை. உள்ளே ஓடுகிற வேகத்தை எடுத்துப் பின்னால் சுழலவிட்டார்.

மற்றவர்களும் ஃபெனெயோனை வரைந்தார்கள். வழக்குக்கு அடுத்த ஆண்டு லோத்ரெக், நடனக்காரி லா கூலுவின் திருவிழாக் கொட்டகைக்கு வரைந்த பெரிய திரையில், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஆஸ்கர் வைல்டின் முதுகோடு இவருடைய பக்கவாட்டு முகத்தையும் சேர்த்தார். தாடி ஒன்றே அடையாளத்துக்குப் போதும். அந்தத் திரையைப் பின்னாளில் ஒரு வியாபாரி துண்டு துண்டாக வெட்டி விற்க, மறுபடி தேடி ஒட்ட வேண்டியிருந்தது. இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில். 1896-இல் ஓவியர் வல்லோத்தோன், ‘லா ரெவ்யூ ப்ளான்ஷ்’ பத்திரிகை அலுவலகத்தில் இரவு விளக்கின் கீழ் மேசைமேல் குனிந்து வேலை செய்கிற ஃபெனெயோனை வரைந்தார். வேலை போன குமாஸ்தாவை அந்தப் பத்திரிகைதான் சேர்த்துக்கொண்டது. சின்யாக் தன் நிறக் கொள்கையைப் பற்றி எழுதிய நூலும் 1898-இல் முதலில் அதில்தான் வெளிவந்தது.

ஃபெனெயோனுக்குத் தன் பெயரை அச்சில் பார்க்கிற ஆசையே இல்லை போலிருக்கிறது. 1906-இல் ‘லெ மத்தான்’ நாளிதழில் மூன்று வரிச் செய்திகள் எழுதினார். கொலை, தற்கொலை, வேலைநிறுத்தம், ரயில் விபத்து எல்லாம் மூன்றே வரியில், ஆயிரத்துக்கு மேல். ஒன்றிலும் பெயர் இல்லை. அதே ஆண்டு பெர்ன்ஹைம் ஜூன் ஓவியக் கூடத்தில் சேர்ந்து, மத்தீஸ் போன்றவர்களின் படங்களை விற்க உதவினார். புத்தகம் போடலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் பிரபலம்: தான் விரும்புவது மௌனம் ஒன்றைத்தான் என்றார். 1944 பிப்ரவரி 29 அன்று இறந்தார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நினைவுநாள் வருகிற தேதி.

சின்யாக் கொடுத்த படம் அவருக்குப் பிடிக்கவே இல்லை என்று சொல்வார்கள். நேர்முகம் கேட்டுப் பக்கமுகம் கிடைத்ததாலா, அந்தச் சுழலாலா என்று அவர் விளக்கவில்லை. ஆனால் 1935-இல் சின்யாக் இறக்கும்வரை, 45 ஆண்டுகள், அதைச் சுவரிலிருந்து இறக்கவில்லையாம்.